தடைபட்டது வரிகளால் அல்ல, ஸ்வரங்களால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்கொரியாவின் ‘ட்ராட்’ என்னும் வெகுஜன இசை வகையின் மூத்த பாடகி லீ மி-ஜா பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், அவருடைய ‘தொங்பேக் அகாசி’ (கமேலியாப் பெண்) பாட்டு அரசை எதிர்த்த வரிகளுக்காகத் தடை செய்யப்பட்டது என்று இருந்தது. அந்தப் பாட்டில் அரசியலே கிடையாது. வராதவனை நினைத்து அழுது ஏங்கும் பெண்ணின் நெஞ்சைக் கன்றிச் சிவந்த கமேலியாப் பூவாகப் பாடுவது அது. 1964-இல் அதே பெயரில் வந்த படத்துக்காக பெக் யங்-ஹோ மெட்டமைத்தார்.

தடைக்குச் சொன்ன காரணம் ‘ஜப்பானிய வாடை’, அதாவது மெட்டு ஜப்பானிய இசைபோல் ஒலிக்கிறது என்பது. 1965-இல் ஜப்பானோடு உறவைச் சீராக்கும் ஒப்பந்தத்தில் கொரிய அரசு கையெழுத்திட்டது. தெருவில் கடும் எதிர்ப்பு. அந்த நேரம் பார்த்து, பட்டிதொட்டியெங்கும் ஒலித்த ஒரு பாட்டின் மேல் கை வைத்தார்கள். முதலில் ஒலிபரப்பு நின்றது, பிறகு இசைத்தட்டு விற்பனையும். அவருடைய இன்னும் இரண்டு வெற்றிப் பாடல்களும் தப்பவில்லை; ஒன்றுக்குத் திருட்டு மெட்டு என்று காரணம், மற்றதற்குச் சோகம் அதிகமாம்! ஜனநாயகப் போராட்டம் வென்ற 1987-இல்தான் விடுதலை கிடைத்தது.

குற்றச்சாட்டில் பாதி உண்மை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ட்ராட் என்பது, கட்டுரை சொல்வதுபோல், தொன்மையான நாட்டுப்பாடல் அல்ல. ஃபாக்ஸ்ட்ராட் நடனத்தின் பெயரிலிருந்து வந்த சொல். ஜப்பானிய ஆட்சியில், 1930களில் இசைத்தட்டுகள் வழியே உருப்பெற்ற வடிவம். சிவரஞ்சனி ராகத்தில் சதுஸ்ருதி தைவதத்தை எடுத்துவிட்டு சுத்த தைவதத்தை வைத்துப் பாடிப் பாருங்கள்: ஸ, ரி, க, ப, த. மத்யமமும் நிஷாதமும் இல்லை. பழைய ட்ராட் பலவும் இந்த ஐந்தில்தான் நடக்கின்றன. ஜப்பானின் ‘என்கா’ என்னும் வெகுஜனப் பாட்டுகளிலும் இதே ஐந்தைக் கேட்கலாம். தாளம் இரண்டடி. கனமாக ஒன்று, வெட்டினாற்போல் ஒன்று. ‘பொங்-ஜாக்’ என்ற கேலிப்பெயர் அந்த ஓசைதான். ஆனால் அந்தக் காலத்தில் இதே அச்சில் வார்த்த பாட்டுகள் எத்தனையோ. பெரிதாக ஓடியது மாட்டிக்கொண்டது.

குரலைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. ட்ராட்டில் ‘கொக்கி’ (கொரியச் சொல்; ‘ஒடித்தல்’ என்று பொருள்) என்றொரு உத்தி உண்டு. நம் பிருகாவைப்போல் உருண்டோடாது. ஸ்வரத்தைப் பிடித்து, சட்டென்று மேலே தொட்டு, கீழே ஒடிக்கும். அதை உயிரோசையின் வாலில் வைக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஒடித்தால் சொல் உடைந்து அர்த்தம் போய்விடும். தொலைக்காட்சிப் போட்டிகளில் பாடும் இளசுகள் பலர் எழுத்துக்கு எழுத்து ஒடித்துக் கெடுப்பது இதனால்தான். லீ மி-ஜா அதை மிகக் குறைவாகவே தொடுவார். ஸ்வரத்தை அசையாமல் நிறுத்தி, முடியப்போகும்போது மட்டும் மெல்ல நடுங்கவிடுவார். 1964 பதிவில் ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் கேட்டால் இது தெரியும். பாடகியும் வாத்தியக்காரர்களும் சேர்ந்தே பதிவுசெய்த காலம். ஒருவர் பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1959-இல் அறிமுகமானவர், 1989-இல் தலைநகர் சியோலின் சேஜோங் கலை மையத்தில் முப்பதாம் ஆண்டுக் கச்சேரி செய்தார். ‘பொங்-ஜாக்’ பாடுபவருக்கு அந்த மேடையா என்று அப்போது முணுமுணுப்பு எழுந்தது. 2002-இல் வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் பாடினார். 2023-இல் கலைக்கான மிக உயர்ந்த தங்கக் கிரீட விருது. வெகுஜன இசையிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவரே. 2025 ஏப்ரலில் தன் கடைசிக் கச்சேரியையும் அதே சேஜோங் மேடையில்தான் நடத்தினார்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். கட்டுரை முழுவதும் அவரை ‘திருமதி ஜா’ என்றே எழுதியிருக்கிறீர்கள். கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும்: லீ. பின்னால் வரும் மி-ஜா இரண்டும் சேர்ந்து ஒரே பெயர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்