உன் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்களாம்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீயும் குழந்தையும் சுகமாக வீடு வந்து சேர்ந்தது பெரிய ஆறுதல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு மருமகனுடையது, நெற்றி நம்முடையது. குளிருக்குள் தொப்பியைக் கழற்றிப் படம் எடுக்கிற வேலை வேண்டாம்.

நீ அன்றைக்குப் போனில் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "அம்மா, பிள்ளையின் பெயர் பதிகிற படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். எங்கட குடும்பப் பெயர் என்ன?" என்றாய். அப்படி ஒன்று நமக்குக் கிடையாது, பிள்ளை. நீ அங்கே குடும்பப் பெயர் என்று கொண்டு திரிவது உன் அப்பாவின் பெயர். அவருக்கு முன்னால் நின்றது அவருடைய அப்பாவின் பெயர். எனக்கு முன்னால் என் ஐயாவின் பெயர் நின்றது. கலியாணத்தோடு அதை இறக்கிவிட்டு உன் அப்பாவின் பெயரை ஏற்றினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

நம் வழக்கில் ஒருவரின் பெயர் அவர் பெற்ற பிள்ளைகளோடு நின்றுவிடும். பேரப்பிள்ளைக்கு முன்னால் வேறு பெயர் வந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பேத்தி பெயர்த்தி. முன்னால் விழுந்ததைப் பின்னால் எடுத்துக்கொள்கிற ஏற்பாடு. நல்ல கெட்டிக்காரத்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆஸ்பத்திரியில் தாதி உன் கடைசிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அப்பா வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன் என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நாங்கள் அந்தியேட்டிக் கிரியை செய்து வழியனுப்பிய மனுஷனின் பெயரை டொரொன்டோவில் யாரோ ஒருத்தி சத்தம் போட்டுக் கூப்பிடுகிறாள். 35 வருஷம் கூட இருந்த நான் ஒரு நாளும் சொன்னதில்லை. "இஞ்சாருங்கோ" என்பேன், நீ பிறந்த பிறகு "பிள்ளையின் அப்பா" என்பேன்.

உனக்கு ஞாபகம் இருக்காது, ஐந்து வயது. குடும்ப அட்டை பதிய ஒரு அலுவலகத்துக்கு உன்னையும் கையில் பிடித்துக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல் "புருஷன்ட பேர்?" என்றார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். "வாய் இல்லையா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். நீ மேசை விளிம்பைப் பிடித்து, குதியை உயர்த்தி, அப்பாவின் முழுப் பெயரையும் ஒரு எழுத்து விழாமல் சொன்னாய். அந்த மனிதர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வரும் வழியில் உனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தேன்.

அந்தப் பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். போர்த்துக்கீசப் பறங்கியர் 1622இல் நம் ஊர்க் கோணேசர் கோயிலை இடித்தபோது சில விக்கிரகங்களைச் சனங்கள் மண்ணுக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். அவை 1950இல் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன. அந்த வருஷம் பிறந்தவர் அப்பா. மாமிக்கு அந்தச் சாமியின் பெயரைத் தவிர வேறு பெயர் யோசிக்கவே தோன்றவில்லையாம். புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தபோது, எனக்கும் சேர்த்துத்தான் நடக்கிறது என்று நினைத்தேன் என்று அப்பா சொல்லுவார்.

பெயர் பெரிய பெயர்தான், ஆனால் கடதாசியில் பட்ட பாடு! பிறப்புப் பத்திரத்தில் 'ச', அடையாள அட்டையில் 'ஸ்வ', ஆங்கிலத்தில் இன்னொரு விதம். ஓய்வூதிய நேரம் இவை எல்லாம் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டி வந்தது. நீ என்ன பெயர் வைத்தாலும் ஆங்கில எழுத்தை முதலே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி ஒட்டி வை. எண் சாத்திரக்காரர் சொன்னார் என்று நடுவில் ஒரு எழுத்தைச் செருகாதே.

அங்கே உள்ளவர்களின் வாயில் நுழைய வேண்டும் என்கிறாய். சரிதான். ஆனால் நம் ஊரின் பெயரைப் பார். ஆங்கிலத்தில் ட்ரிங்கோமலி, சிங்களத்தில் திரிகுணாமலய. நாம் இன்னும் திருமலை என்றுதான் சொல்கிறோம்.

நீ அனுப்பிய பட்டியலில் பதினாலு பெயர். பதினொன்றில் 'ஷ' இருக்கிறது. அர்த்தம் கேட்டால், அப்பாவின் முதல் எழுத்தும் அம்மாவின் கடைசி எழுத்தும் என்கிறாய். அது பெயரா, கணக்கா? எங்கள் ஒழுங்கையில் நின்று "ஷன்" என்று முடித்துக் கூப்பிட்டால் ஆறு பொடியன்கள் திரும்புவார்கள்.

படிவத்துக்கு வருகிறேன். மருமகனின் பெயரைக் கடைசியில் போடுவதுதான் நம் முறை. அப்படிப் போட்டால் ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கடைசிப் பெயர், விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் கேள்வி. அதை நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள். நான் தலையிடவில்லை.

ஐயரிடம் பிறந்த நேரத்தைச் சொல்லிக் கேட்டேன். புனர்பூசம், இரண்டாம் பாதம். எழுத்து 'கோ'. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஐயர் சொன்னது அது. அப்பாவின் பெயரும் எதில் தொடங்குகிறது என்று உனக்குத் தெரியும். பெண் பிள்ளைக்குக் கோதை என்று ஒரு பெயர் இருக்கிறது, ஆண்டாளின் பெயர், மாலை என்று அர்த்தம். இரண்டே எழுத்து, தாதியும் சொல்லுவாள். கோமதியும் இருக்கிறது.

31ஆம் நாள் காதில் பெயர் சொல்லும்போது போனைப் பக்கத்தில் வை. இங்கே எந்தச் சாமமானாலும் விழித்திருப்பேன். என் அம்மம்மா, தன் புருஷனின் பெயர் வைத்த பேரனைச் சாகும்வரை "தம்பி" என்றேதான் கூப்பிட்டா. எனக்கு 'கோ' என்று தொடங்கினாலே நாக்குக் கூசுகிறது. அடுப்படியில் யாரும் இல்லாத நேரம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். வருகிறது.

அன்புடன்,
அம்மா