வாங்கும் விலையை எழுதினீர்கள், வைத்திருக்கும் செலவை எழுதவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய சொகுசு கார்களைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. புது இன்னோவா வாங்குகிற காசில் பென்ஸ் ஈ கிளாஸோ பி.எம்.டபிள்யூ 5 சீரிஸோ எடுக்கலாம், மிச்சப் பணத்தில் குடும்பத்தோடு சிங்கப்பூரே போய் வரலாம் என்கிற மாதிரி. போட்டிருந்த விலைகளில் தப்பில்லை, மார்க்கெட்டில் அப்படித்தான் போகிறது. ஆனால் ரிப்பேர் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அதைப் படித்துவிட்டு நேராகக் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கும் இடத்தில் போய் அட்வான்ஸ் கொடுத்து, பணம் கைமாறிய பிறகு "சும்மா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று எங்களிடம் வண்டியைக் கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கோவையில் ஜெர்மன் வண்டிகள் அதிகம் வரும் ஒரு ஒர்க் ஷாப்பில் எஸ்டிமேட் போடுவது என் வேலை. கம்பெனி சர்வீஸ் இல்லை, வெளி ஒர்க் ஷாப். எஸ்டிமேட் பேப்பரை நீட்டும்போது ஆட்கள் முகம் எப்படி மாறும் என்பதை இந்த ஊரில் என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்த செடான் இன்று 12, 13 லட்சத்துக்குக் கிடைக்கிறது. சரி, இறங்கியது காரின் விலை மட்டும்தான். அதன் ஹெட்லைட் விலை இறங்கவில்லை, கியர்பாக்ஸ் விலை இறங்கவில்லை, ஒரு சென்சாரின் விலைகூட இறங்கவில்லை, வருடா வருடம் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. தானாகத் திரும்பும் எல்.இ.டி ஹெட்லைட் ஒரு பக்கம் உடைந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும், சில மாடலில் இரண்டையும் தாண்டும். காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன் ஃப்ளாட் டயர் வண்டியாக இருந்தால் பெரும்பாலும் ஸ்டெப்னியே கிடையாது, டயர் கிழிந்தால் பஞ்சர் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். புது விலைக்கு ஏற்ற செலவுதான் இதெல்லாம், கட்டுகிறவர்தான் வேறு ஆளாகிவிட்டார்.

விலை ஏன் இப்படிச் சரிகிறது என்று பலர் கேட்பதுண்டு. வண்டி மோசம் என்பதால் இல்லை. முதலில் எடுப்பவர்களில் நிறையப் பேர் கம்பெனி பெயரில் எடுக்கிறார்கள், வருமான வரிக் கணக்கில் வருடம் 15 சதவீதம் தேய்மானம் காட்டுகிறார்கள், வாரன்டி தீர்ந்து பெரிய செலவு வரப்போகிற நேரத்தில் தள்ளிவிட்டு அடுத்த மாடலுக்குப் போகிறார்கள். அடுத்தவர் பாதி விலைக்கு வாங்கிக் கொஞ்ச நாள் கம்பெனியில் சர்வீஸ் விடுவார், பில்லைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார். மூன்றாவதாகக் கைமாறும்போது அதில் செய்யாமல் விட்ட வேலைகள் எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். உங்கள் கட்டுரையைப் படித்து ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் அந்த மூன்றாவது ஆள்தான்.

"நம்ம சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துலதானே சார் பி.எம்.டபிள்யூ செய்யறாங்க, அப்புறம் ஏன் பார்ட்ஸுக்கு இவ்வளவு விலை?" என்று அடிக்கடி கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2007-ல் இருந்து அங்கே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் அசெம்பிள் செய்கிறார்கள், இஞ்சின் கியர்பாக்ஸ் கோக்கிற வேலையும் சென்னையிலேயே நடக்கிறது. ஆனால் நாம் வாங்குகிற உதிரிபாகங்களில் பெரும்பகுதி இன்னமும் வெளியிலிருந்து இறக்குமதி வரி கட்டி வருவதுதான். போதாததற்கு, மாருதியில் ஒரு ரப்பர் புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புகிற இடத்தில் இதில் சக்கரத்தைத் தாங்குகிற முழு ஆர்மையே மாற்றச் சொல்வார்கள், ஏனென்றால் பல நேரம் அப்படித்தான் விற்பனைக்கே வருகிறது. 2025 செப்டம்பரில் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, எஸ்டிமேட்டில் கடைசித் தொகை கொஞ்சம் இளைத்தது. அவ்வளவுதான்.

எந்தெந்த வேலை ஆளைச் சாய்க்கும் என்று கட்டுரை எழுதியவர் விசாரித்திருக்கலாம், தொழிலில் இருக்கிற யாரும் சொல்லியிருப்பார்கள். 2007 முதல் 2011 வரை வந்த பி.எம்.டபிள்யூ 2 லிட்டர் டீசல் இஞ்சின், எங்கள் பாஷையில் என்47. அதன் டைமிங் செயின், அதாவது இஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற சங்கிலி, சீக்கிரம் தேய்வது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். செயின் தேய்வது பெரிய அதிசயம் இல்லை, ஆனால் இதில் செயின் இஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டுகிற இடத்தில் இருக்கிறது. செயினின் விலை ஒரு பக்கம், அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸையோ இஞ்சினையோ இறக்கியாக வேண்டிய லேபர் இன்னொரு பக்கம். சத்தம் கேட்கும்போதே செய்தால் லட்ச ரூபாய்க் கணக்கில் முடியும், அறுந்துவிட்டால் இஞ்சினே போகும். அந்த மாடல்கள்தான் இப்போது மார்க்கெட்டில் மிக மலிவு என்பதைச் சொல்ல வேண்டுமா? 2010 மாடலுக்கு ஆர்.சி-யின் (பதிவுச் சான்றின்) 15 வருடமும் முடிந்துவிட்டது, அதைப் புதுப்பிக்கிற வேலை தனி.

ஆடி எடுத்துக்கொண்டால், அதே காலத்து 1.8, 2.0 டி.எஃப்.எஸ்.ஐ பெட்ரோல் இஞ்சின்களில் பிஸ்டன் ரிங் கோளாறால் இஞ்சின் ஆயிலைக் குடிக்கும் பழக்கம் இருந்தது, அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போன விஷயம். டிக்கியில் ஆயில் கேன் வைத்துக்கொண்டு விற்கிறவரைப் பார்த்தால் கொஞ்சம் யோசியுங்கள். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் கியர் மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிற மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால், அந்த ஒரு பெட்டிக்கே நம் ஊரில் ஒரு பழைய ஆல்டோ வாங்கிவிடலாம்.

ஏர் சஸ்பென்ஷன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எஸ் கிளாஸ், ரேஞ்ச் ரோவர், ஆடி க்யூ7 என்று ஜனங்கள் ஆசைப்படுகிற வண்டிகளில்தான் அது இருக்கிறது. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பை. எட்டுப் பத்து வருடத்தில் ரப்பரில் வெடிப்பு விழும், அதுவும் நம் வெயிலுக்குக் கேட்க வேண்டியதில்லை. லேசாகக் கசியும்போது ஓனருக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கம்ப்ரஸர் விடாமல் ஓடிக் குறைந்த காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். அதற்குள் கம்ப்ரஸரும் சூடேறிக் கருகியிருக்கும். ஒரு பக்கத்து ஸ்ட்ரட் (அந்தக் காற்றுப் பையோடு சேர்ந்த பாகம்) மட்டுமே ஒரிஜினல் என்றால் லட்சத்தைத் தொடும், இரண்டு பக்கமும் சேர்த்துப் போடுவதுதான் முறை, கம்ப்ரஸர் தனிக் கணக்கு. விற்கிற ஆள் வண்டியை ஸ்டார்ட் செய்து, எழுப்பி நிறுத்தி, துடைத்துக் காட்டுவார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள், அதற்கு முன் யாரையும் சாவியைத் தொட விடாதீர்கள்.

அடுத்தது டெல்லி வண்டி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்ததிலிருந்து தலைநகர் வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியை ஓட்டுவதற்குச் சிக்கல். 2025 ஜூலையில் பழைய வண்டிகளுக்கு எரிபொருளே தரக்கூடாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே பின்வாங்கினார்கள். இந்தப் பயத்தில் டெல்லி கரோல் பாக் பக்கம் டீசல் சொகுசு வண்டிகள் அடிமாட்டு விலைக்குப் போகும், அதைத் தெற்கே ஓட்டி வந்து விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. "என்.ஓ.சி கையில இருக்கு" என்பார்கள், வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக அங்கே தருகிற தடையில்லாச் சான்று. என்.ஓ.சி இருந்தால் போதுமா? தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு இப்போது வாழ்நாள் வரி 20 சதவீதம். வெளி மாநில வண்டியைப் பதிவு செய்யும்போது வயதுக்கு ஏற்பக் குறைப்பார்கள்தான், ஆனால் கணக்கு தொடங்குவது வண்டி புதிதாக இருந்தபோதிருந்த விலையிலிருந்து, நீங்கள் கொடுத்த ஒன்பது லட்சத்திலிருந்து இல்லை. வரித் தொகையைக் கேட்ட பிறகு வண்டியை டெல்லி நம்பரிலேயே ஒளித்து ஓட்டுகிறவர்களும் உண்டு, செக்போஸ்ட்டில் மாட்டும்வரை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இதைவிட மோசம். 2015 டிசம்பரில் சென்னையில், 2023 டிசம்பரில் மறுபடி சென்னையிலும் அதே மாதம் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் எத்தனை கார்கள் தண்ணீருக்குள் நின்றன என்று நாம் எல்லோரும் பார்த்தோம். இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் ஆன, அதாவது ரிப்பேருக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்கு முடித்த வண்டியை ஏலத்தில் எடுத்து, காய வைத்து, சீட் துணியை மாற்றி, பாலிஷ் போட்டு விற்கிறார்கள். இஞ்சினுக்குள் தண்ணீர் போன நிலையில் யாராவது ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும், அதையாவது கழற்றிப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். வயரிங்தான் எமன். இந்த வண்டிகளில் எல்லாவற்றையும் இயக்குகிற கம்ப்யூட்டர் பெட்டிகளான கன்ட்ரோல் யூனிட்டுகள் பல இடங்களில் கார்ப்பெட்டுக்கு அடியிலும் சீட்டுக்குக் கீழும் டிக்கித் தரையிலும் இருக்கின்றன, தண்ணீர் முதலில் சேருகிற இடமும் அதுதான். ஆறு மாதம் ஒழுங்காக ஓடும், அப்புறம் ஒரு நாள் கண்ணாடி இறங்காது, ஒரு நாள் ஏர்பேக் விளக்கு எரியும், ஸ்கேனர் போட்டால் பக்கம் பக்கமாக எரர் வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறையின் கோடு தெரியும். சீட் ரெயில் போல்ட்டில் துருவைப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. முதலில், இஞ்சின் தேய்வதற்கும் கியர்பாக்ஸ் கெடுவதற்கும் இன்சூரன்ஸ் கிடையாது, விபத்து, வெள்ளம் மாதிரியானவற்றுக்குத்தான். விபத்திலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள், பம்பர் முழுக்க பிளாஸ்டிக் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் இரும்புப் பாகத்துக்கும் 40 சதவீதம் கழிப்பார்கள், பத்து வருடம் தாண்டினால் 50. இந்தக் கழிவு இல்லாத ஜீரோ டெப் பாலிசி ஐந்து வருடத்துக்கு மேல் போன வண்டிக்குச் சுலபமாகக் கிடைக்காது. அவினாசி சாலையில் ஒரு பைக்காரரைத் தவிர்க்கப் போய் மீடியனில் முன்பக்கம் இடித்த ஒரு வாடிக்கையாளருக்கு, இன்சூரன்ஸ் கொடுத்ததைவிட அவர் கையிலிருந்து கட்டியது அதிகம். "பிரீமியம் ஒழுங்கா கட்டினேனே" என்று என்னிடம் சண்டை போட்டார். நான் என்ன செய்ய?

இவ்வளவு சொல்வதால் இந்த வண்டிகளே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். சேலம் பைபாஸில் ஒரு நல்ல ஈ கிளாஸை ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரியும், அந்த நிதானம் வேறு எதிலும் வராது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட ஓனர்களின் வண்டிகள் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் எங்களிடம் வெறும் ஆயில் சர்வீஸுக்கு வந்து போகின்றன. அவர்கள் செய்வதில் ரகசியம் எதுவும் இல்லை. உதாரணத்துக்கு, பி.எம்.டபிள்யூ, ஜாகுவார் மாடல்கள் பலவற்றில் இருக்கிற எட்டு கியர் பெட்டியைச் செய்வது இசட்.எஃப் என்ற ஜெர்மன் கம்பெனி. கார் கம்பெனிக்காரர்கள் அதில் ஆயில் மாற்றவே வேண்டாம் என்று சொல்லி வந்தார்கள், பெட்டியைச் செய்த இசட்.எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நான் பெட்டி செய்தவன் பேச்சைத்தான் கேட்பேன். அதேபோல, உதிரிபாகம் செய்கிற கம்பெனிகளின் சரக்கு, அதே லெம்ஃபோர்டர் ஆர்ம், அதே பாஷ் சென்சார், அதே மான் ஃபில்டர் கார் கம்பெனி டப்பாவில் வந்தால் ஒரு விலை, செய்தவர் டப்பாவிலேயே வந்தால் கணிசமாகக் குறைவு. இது தெரிந்த ஒர்க் ஷாப்பைப் பிடித்து, வண்டி விலை போக இரண்டு மூன்று லட்சம் முதல் வருடத்துக்கென்று தனியாக வைத்துக்கொண்டு வாங்குகிறவர் சந்தோஷமாகத்தான் ஓட்டுகிறார். 13 லட்சம்தான் மொத்த பட்ஜெட் என்றால் 13 லட்சத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது, பத்துக்குப் பார்க்க வேண்டும். முழுக்க லோன் போட்டு வாங்குகிறவருக்கு என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை உங்கள் பத்திரிகை கேட்டால் நன்றாக இருக்கும். பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ-வில் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி கொண்டு வந்தது, 2023 ஏப்ரலில் அமலுக்கும் வந்தது. நல்ல விதி, வண்டி கைமாறும்போது பொறுப்பு யாருடையது என்பதை அது சொல்கிறது. வாஹன் என்கிற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது எல்லாம் தெரிகிறது. ஒரு காலத்தில் டோட்டல் லாஸ் என்று பணம் கொடுத்து முடித்த வண்டியா என்பது மட்டும் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. அந்த விவரம் இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் இருக்கிறது. அதை வாஹனில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் பாதிப் பேர் எங்களிடம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

அதுவரை, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள். சில ஆயிரம் ரூபாய்ச் செலவு, ஒரு மணி நேர வேலை. வேறு ஒர்க் ஷாப்புக்கு வண்டியைக் கொடுக்க மாட்டேன், இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கன்சல்டிங்காரர் சொன்னால், காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒர்க் ஷாப் ஊழியர்,
கோயம்புத்தூர்