சம்பள பாக்கியும் ஒரு கடன்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். புதிதாக வரப்போகும் அந்த விமானக் கம்பெனிக்கு மாறலாமா வேண்டாமா என்று நீ கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். உன் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பெரிய கம்பெனியில் நிம்மதியா இருக்கட்டும்னு ஒரே வார்த்தையில் சொல்லிட வேண்டியதுதானே" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேங்கில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளியவள் நான். இந்த விமானக் கம்பெனிகள் கணக்கு எப்படி முடியும் என்று கொஞ்சம் தெரியும்.

நம் சேலத்து காமலாபுரம் ஏர்போர்ட்டையே எடுத்துக்கொள். தொண்ணூறுகளில் என்.ஈ.பி.சி. வந்தது, போனது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் போனது. 2018-இல், சின்ன ஊர்களுக்கு விமானம் விட அரசு மானியம் தரும் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தபோது ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. அந்த மூன்று கம்பெனியும் இன்று உயிரோடு இல்லை. 2023 அக்டோபரில் இண்டிகோ சென்னைக்கு ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் மறுபடி சத்தம் கேட்கிறது. சேலத்துக்காரர்கள் டிக்கெட் விலையைப் பற்றிப் புலம்புவார்கள். அந்தக் கவுண்டரில் நின்ற பிள்ளைகள், பெட்டி தூக்கிய காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நீ விமானப் பராமரிப்பு இன்ஜினியர் என்பதால் கிங்ஃபிஷர் கதையை முதலில் சொல்கிறேன். 2005-இல் ஆரம்பித்த நாள் முதல் ஒரு வருஷம்கூட லாபம் பார்க்காத கம்பெனி. 2012-இல் மாதக்கணக்கில் சம்பளம் நின்றது. ஆனாலும் விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் வேலை பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அக்டோபரில் உன்னைப் போன்ற இன்ஜினியர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் விமானம் எழும்பாதே! அதன் பிறகுதான் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ விழித்துக்கொண்டு லைசென்ஸை நிறுத்தி வைத்தது. சம்பளத்தில் பிடித்த வருமான வரியைக் கம்பெனி அரசுக்குக் கட்டாத விவகாரமும் வெளியே வந்தது. சம்பளமும் வராமல், வரி பாக்கி என்று கேள்வியும் வந்தால் ஒரு குடும்பம் என்ன செய்யும், சொல்.

பேங்குகள் மட்டும் தப்பித்தனவா? ஸ்டேட் பேங்க் தலைமையில் பதினேழு பேங்குகளுக்கு வட்டியோடு சேர்த்து சுமார் 9,000 கோடி பாக்கி. அடமானமாக வாங்கியதில் அந்தப் பெயரும் சின்னமும்கூட இருந்தன, ஒரு காலத்தில் அவற்றுக்கு நாலாயிரம் கோடிக்கு மேல் மதிப்புப் போட்டார்கள். 2016-இல் 367 கோடிக்கு ஏலம் விட்டபோது கேட்க ஆளில்லை. மும்பையில் அவர்கள் தலைமை அலுவலகக் கட்டடத்துக்கு முதலில் வைத்த விலை 150 கோடி, பல தடவை ஏலம் விட்டு 2021-இல் போனது 52 கோடிக்கு. அந்த மதிப்பீட்டுக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டவர்களும் எங்களைப் போலப் படித்தவர்கள்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஏன் இப்படி? ஒரு நூற்பாலை நொடித்தால் நிலம் இருக்கும், மெஷின் இருக்கும். விமானக் கம்பெனி நொடித்தால் விற்க என்ன இருக்கிறது? விமானங்களில் பெரும்பாலானவை லீஸ், வாடகை டாலரில். ஏர்போர்ட்டில் இறங்கி ஏறும் நேரமான ஸ்லாட், கம்பெனியின் சொத்தே அல்ல. மிச்சம் இருப்பது ஆட்கள், அவர்களும் போய்விடுவார்கள். ஜெட் ஏர்வேஸில் இதுதான் நடந்தது. 2019 ஏப்ரல் 17 இரவு கடைசி விமானம். ஜூனில் திவால் வழக்கை என்.சி.எல்.டி. என்ற கம்பெனித் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்வதற்குள் ஸ்லாட்டுகள் மற்ற கம்பெனிகளுக்குப் பிரிந்துவிட்டன, அதன் போயிங் விமானங்களில் பல வேறு சாயம் பூசிக்கொண்டு பறக்க ஆரம்பித்துவிட்டன. வாங்க வந்தவர்களின் திட்டத்துக்கு 2021-இல் ஒப்புதல் கிடைத்தும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு விமானமும் பறக்கவில்லை. 2024 நவம்பர் 7-ஆம் தேதி, இதைக் கலைத்துவிடுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஐந்து வருஷத்துக்கு மேல்!

கோ ஃபர்ஸ்ட் கதை நேர்மாறு. பிராட் அண்ட் விட்னி இன்ஜின் தகராறில் பாதி விமானங்கள் தரையில் நின்றன, 2023 மே மாதம் அவர்களே திவால் மனு போட்டார்கள். திவால் வழக்கு முடியும் வரை கம்பெனியிடம் இருப்பதை யாரும் எடுக்கக் கூடாது என்ற கோர்ட் தடை இருந்ததால் ஐம்பத்துநாலு விமானங்களையும் லீஸ்காரர்களால் ஒரு வருஷத்துக்கு எடுத்துப் போக முடியவில்லை. விமானம் கையில் இருந்தும் கம்பெனி பிழைக்கவில்லை, 2025 ஜனவரியில் அதையும் கலைக்க உத்தரவு வந்தது. நடுவில், இந்தத் தடை இனி விமானத்துக்குப் பொருந்தாது என்று அரசு அறிவித்தது. லீஸ்காரர்கள் விமானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள 2025-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. லீஸ் வாடகை குறையும் என்பதால் தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் அடுத்த கம்பெனி தள்ளாடும்போது, சம்பள பாக்கிக்காரர்கள் வக்கீலைத் தேடி முடிப்பதற்குள் விமானம் நாட்டை விட்டே போயிருக்கும் என்பது என் கணக்கு.

இப்போது வரிசையைப் பார். கலைக்கப்படும் கம்பெனியில் கிடைக்கும் பணத்தில் முதலில் வழக்குச் செலவு. அடுத்து தொழிலாளர் என்று சட்டம் ஒத்துக்கொள்பவர்களின் இருபத்துநாலு மாத பாக்கி, அதோடு சமமாக அடமானம் வாங்கிய பேங்குகள். அதற்கும் பின்னால்தான் மற்ற ஊழியர்களின் பன்னிரண்டு மாத பாக்கி. நீ தொழிலாளரா, மேற்பார்வைக்காரரா என்பதிலேயே வாதம் வரும். பி.எஃப்., கிராஜுவிட்டி மட்டும் இந்த வரிசைக்கு வெளியே. ஜெட் ஊழியர்களுக்கு அவற்றை முழுசாகக் கொடுக்கச் சொல்லி 2022-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிடவில்லை.

சம்பளம் வராத மாதம் வேலைக்குப் போகிறவர் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறார். வட்டி இல்லை, அடமானம் இல்லை, பத்திரம் இல்லை. எந்த பேங்க் மேனேஜரும் அப்படி ஒரு கடனுக்குக் கையெழுத்துப் போடமாட்டார். உன் பெரியம்மா மகன் போட்டான். அவன் இருந்த கம்பெனியின் பெயர் வேண்டாம். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று மெயில் வந்துகொண்டே இருந்தது, இவனும் நம்பிப் போய்க்கொண்டே இருந்தான். கடைசியில் அண்ணியின் நகைதான் அடகுக்குப் போனது. முதலில் கிளம்பியவர்களுக்கு நல்ல வேலை கிடைத்தது. விசுவாசமாக இருந்தவர்கள் ஆயிரம் பேரோடு ஒரே வாரத்தில் வேலை தேடி நின்றார்கள். கிடைத்த சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள்.

அமெரிக்காவில் வேறு விதம். அங்கே திவால் கோர்ட்டுக்குப் போனாலும் விமானம் நிற்காது. யுனைடெட் 2002-இல் போய் 2006-இல் வெளியே வந்தது. வரும் வழியில் 2005-இல் ஊழியர்களின் பென்ஷன் திட்டங்களை அரசு காப்பீட்டு அமைப்பின் தலையில் கட்டியது, அந்த அமைப்பு ஏற்ற சுமை சுமார் 660 கோடி டாலர். காப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் பலருக்குப் பென்ஷன் குறைந்துபோனது. அங்கே கம்பெனி பிழைக்கிறது, இங்கே சாகிறது. இரண்டு ஊரிலும் ஊழியர் பையில்தான் கை வைக்கிறார்கள்.

இவ்வளவு படித்ததும் அம்மா வேண்டாம் என்கிறாள் என்று நினைப்பாய். இல்லை. உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இண்டிகோவில் போகிறார்கள். விஸ்தாரா 2024-இல் ஏர் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, இந்த இரண்டு குழுமத்தையும் கூட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறு பக்கம் வரும். போட்டி போனால் டிக்கெட் விலை ஏறும் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். எனக்கு டிக்கெட்டைவிட உன் லைசென்ஸ்தான் கவலை. அதை விலைக்குக் கேட்க நாட்டில் இரண்டு பேர்தான் என்றால், சம்பளம், ஷிப்ட், நோட்டீஸ் காலம் எல்லாமே அவர்கள் சொல்வதுதான். பைலட்டுகளுக்கு 2017-லேயே விதி வந்தது, கேப்டன் விலக வேண்டுமானால் ஒரு வருஷ நோட்டீஸ்.

2025 டிசம்பரைப் பார்த்தாயே. பைலட்டுகள் ஓய்வு நேரத்துக்கான புது விதிக்கு இண்டிகோ தயாராகவில்லை, ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. அரசு டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைத்தது, சரி. கூடவே அந்த ஓய்வு விதியிலேயே பிப்ரவரி வரை அந்தக் கம்பெனிக்கு விலக்கும் கொடுத்தது. வேறு நாலு கம்பெனி இருந்திருந்தால் அந்த விலக்குக்கு அவசியம் வந்திருக்குமா? தூக்கம் கெடுவது பைலட்டுக்கு.

அதனால் புதுக் கம்பெனிகள் வர வேண்டும், உன்னைப் போன்றவர்கள் போகவும் வேண்டும். இருபத்தெட்டு வயதில் போகாமல் எப்போது போவது? போ. ஆனால் பங்குதாரர் எடுக்க வேண்டிய ரிஸ்க்கை நீ உன் சம்பளத்தில் எடுக்காதே. பி.எஃப். பாஸ்புக்கை மாதாமாதம் பார், பணம் ஏறாவிட்டால் அதுதான் முதல் மணி. சம்பளத்தில் பிடித்த வரியை உன் பெயரில் கட்டியிருக்கிறார்களா என்று வருமான வரித் தளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை பார். ஒரு விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டச் சொல்வது அடிக்கடி நடந்தால், ஆபீஸ்காரர்களுக்கு முன்னால் ஹேங்கரில் இருக்கும் உனக்குத்தான் தெரியும், ஸ்பேர் வாங்கப் பணம் இல்லை என்று. சம்பளம் ஒரு மாதம் தள்ளினால் காரணம் கேள். இரண்டாவது மாதமும் தள்ளினால் காரணம் கேட்காதே, வேறு இடம் பார். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேரும் வரை கார் லோன் பேச்சை எடுக்காதே, இதில் அப்பாவும் என் கட்சி.

அந்த ஆஃபர் லெட்டரில் பயிற்சிக்கு பாண்ட், அதாவது நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம், என்று ஒரு பக்கம் இருக்கும். சம்பளம் நின்றுபோய் நீ விலகினாலும் பாண்ட் தொகை கேட்பார்களா என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா