துப்பறியும் கதைகளைச் சுருக்கி வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். பழைய ஆங்கிலத் துப்பறியும் சிறுகதைகளைத் தமிழில் கொண்டுவரும் உங்கள் உழைப்புக்கு நன்றி கூறி, அவற்றைச் சுருக்காமல் முழுமையாக வெளியிட வேண்டுகிறேன். அண்மையில் நான் வாங்கிய ஒரு தொகுப்பில் (வெளியிட்டவர் பெயர் இங்கே வேண்டாம்) ஆர்தர் கோனன் டாயிலின் ‘சில்வர் பிளேஸ்’ ஒன்பதே பக்கங்களில் முடிந்துவிட்டது.

1892 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வெளிவந்த அக்கதையில், டார்ட்மூர் லாயம் ஒன்றிலிருந்து பந்தயக் குதிரை இரவோடு இரவாகக் காணாமல் போக, அதன் பயிற்சியாளர் வெட்டவெளியில் இறந்து கிடக்கிறார். காவலிருந்த பையன் அன்றிரவு உண்ட ஆட்டுக்கறிக் குழம்பில் அபின் தூள் கலந்திருந்தது. காரசாரமில்லாத உணவில் அபினின் சுவை நாவுக்குத் தெரிந்துவிடும். ஆகவே, அன்றைக்குக் குழம்புதான் என்று தீர்மானிக்கக்கூடிய இடத்தில் இருந்தவர் யார் என்ற கேள்வி எழுகிறது. என் கையிலிருந்த நூலிலோ ‘உணவில் மயக்க மருந்து’ என்று மட்டும் இருந்தது. குழம்போடு துப்பும் போயிற்று. அங்கிருந்த ஆடுகளில் மூன்று அண்மையில் நொண்டத் தொடங்கியதைத் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் போகிற போக்கில் விசாரித்து அறியும் இடமும் காணவில்லை. அன்றிரவு லாயத்து நாய் குரைக்காத செய்தியை மட்டும், அது உலகப் புகழ் பெற்றுவிட்டதாலோ என்னவோ, விட்டுவைத்திருந்தார்கள்.

நாவலாசிரியர் ஒரு தடயத்தை நானூறு பக்கங்களுக்குள் புதைத்து வைக்கலாம். சிறுகதையாசிரியருக்கு இருபது பக்கங்களே உள்ளதால், அதை வாசகரின் கண்ணெதிரே, வேண்டாத விவரம்போல் போட்டுவைத்துவிட்டு நகர வேண்டியிருக்கிறது. முடிவு தெரிந்தபின் மீண்டும் புரட்டி, ‘இங்கேதானே இருந்தது, எப்படித் தவறவிட்டேன்?’ என்று வியப்பதற்காகவே இக்கதைகளை நான் வாசிக்கிறேன். சுருக்குபவரின் கத்தரி முதலில் தேடிப்போவதும் அந்த வேண்டாத விவரங்களைத்தான்.

இவ்வகைக் கதைகளுக்கு வழி திறந்த எட்கர் ஆலன் போ, 1841இல் எழுதிய பாரிஸ் கொலைக் கதையிலும் இதையே செய்கிறார். பூட்டிய அறைக்குள்ளிருந்து கேட்ட கீச்சுக்குரலை பிரெஞ்சுக்காரர் ஸ்பானிய மொழி என்கிறார். டச்சுக்காரருக்கு அது பிரெஞ்சாகவும், ஆங்கிலேயருக்கு ஜெர்மனாகவும், ஸ்பானியருக்கு ஆங்கிலமாகவும், இத்தாலியருக்கு ரஷ்ய மொழியாகவும் படுகிறது. அலுப்பூட்டும் சாட்சியப் பட்டியல்போலத் தோன்றும் இப்பகுதியில், ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாத மொழியையே சொல்கிறார்கள் என்பதில் விடை ஒளிந்திருக்கிறது. ‘அந்நியக் குரல் ஒன்று கேட்டது’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அக்கதையில் துப்புத் துலக்கும் டூபானுக்கு அங்கே என்ன வேலை?

பக்கச் செலவு கூடும் என்பதை அறிவேன். பன்னிரண்டு கதைகள் வேண்டாம், ஐந்து போதும். சுருக்கியே ஆகவேண்டுமெனில் அட்டையில் ‘சுருக்கப் பதிப்பு’ என்று அச்சிடுங்கள். கொலையாளி யார் என்பதைப் பின்னட்டையில் சொல்லும் வழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களை விலை கொடுத்து வாங்கும் வாசகர் ஒருவர்