மூன்றாவது கேள்வியை எடுத்துவிடு

திருச்சி

அன்புள்ள செல்விக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வீக்கம் இப்போது வடிந்திருக்கிறது. மழை பிடித்தால் மறுபடி ஏறும், அது உனக்குத் தெரிந்ததுதான்.

நீ அனுப்பிய படிவத்தைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். திரையில் படித்தால் எனக்குப் படித்த மாதிரியே இருப்பதில்லை. பதினான்கு கேள்விகள். அவை போக, தொலைபேசியில் நீ கேட்ட கேள்வி ஒன்று: "அத்தனை வருஷம் ரயில்வே கவுண்டரில் உட்கார்ந்திருந்தீர்களே அப்பா, பொய்ச் சான்றிதழை எப்படிப் பிடித்தீர்கள்?" பூங்காவில் ரோலர் கோஸ்டருக்கு வரிசையில் நிற்க முடியாதவர்களுக்காகச் செயலி செய்யச் சொன்னால், உன் மேலாளர் முதல் வேலையாக அதில் ஏமாற்றுகிறவனைத் தேடச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாற்றுத்திறனாளிச் சலுகைக்காகக் கொண்டுவருகிற போலிச் சான்றிதழ் எப்போதும் சுத்தமாக இருக்கும். மடிப்பு இருக்காது. முத்திரை நேராக விழுந்திருக்கும். மருத்துவர் பெயரைத் தெளிவாகப் படிக்க வரும். அரசு மருத்துவமனையில் எந்த மருத்துவரின் எழுத்து அப்படி இருக்கிறது? நிஜமான சான்றிதழ் நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, மஞ்சள் பைக்குள்ளிருந்து வெளியே வரும். பெயரின் முதலெழுத்து ஒரு தாளில் முன்னால் இருக்கும், இன்னொரு தாளில் பின்னால் இருக்கும். விதியை மட்டும் பார்த்தால் நான் திருப்பி அனுப்ப வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவது காகிதத்தைத்தான். ஏமாற்ற வருகிறவன் படிவம் நிரப்புவதில் கெட்டிக்காரன். அவனுக்கு நேரம் இருக்கிறது, புரோக்கர் இருக்கிறான். ஆட்டிசம் உள்ள பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் படிவத்தை நீட்டுகிற தாய்க்கு இரண்டுமே கிடையாது. கேள்விகளைக் கூட்டிக்கொண்டே போனால் மாட்டிக்கொள்வது அவள்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ரயில் சலுகை உனக்கு அரைகுறையாகத் தெரியும். பார்வை முழுவதும் இல்லாதவர், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர், துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத கை கால் பாதிப்புள்ளவர் ஆகியோருக்கு ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதம் கழிவு. உடன் வரும் ஒருவருக்கும் அதே கழிவு. இதற்காக ஒரு தந்தை வந்திருந்தார். மகனுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும், அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் பக்கத்து இருக்கைக்காரர் படிவத்தை வாங்கிக்கொண்டு, "பையனுக்கு என்ன குறை?" என்றார். எங்கள் கண்ணாடியில் வட்டமாக ஓர் ஓட்டை உண்டு. எதிரே நிற்பவர் குனிந்து அதில் வாயை வைத்தால்தான் உள்ளே கேட்கும். தந்தை மெதுவாகச் சொன்னார். கேட்கவில்லை. "சத்தமாகச் சொல்லுங்கள்." மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை சொன்னது பின்னால் நின்ற வரிசை முழுவதற்கும் கேட்டது. பையன் சட்டையை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுக்கும் பதில் அந்தப் படிவத்திலேயே மருத்துவர் கையால் எழுதியிருந்தது. கிளார்க் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டே விஷயம்: கழிவு உண்டா, துணைக்கு டிக்கெட் உண்டா.

உன் படிவத்தில் மூன்றாவது கேள்வி: "உங்கள் நோய் அல்லது குறைபாடு என்ன?" அதை எடுத்துவிடு.

அதற்குப் பதில் வேறு கேட்கலாம். எவ்வளவு நேரம் நிற்க முடியும்? நெரிசலும் இரைச்சலும் தாங்குமா? திடீரென்று கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்குமா? கூட ஆள் வேண்டுமா? ராட்டினம் நடுவில் நின்றுவிட்டால் படிக்கட்டில் இறங்கி வர முடியுமா? கடைசிக் கேள்வி பூங்காக்காரர்களுக்கு உயிர் விஷயம். நடந்து இறங்க முடியாதவர்கள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குச் சில சவாரிகளில் கணக்கு உண்டு, ஆபத்து நேரத்தில் அத்தனை பேரையும் தூக்கி இறக்க ஆள் வேண்டுமே. நீ இருக்கிற இங்கிலாந்திலேயே டார்பி நகரத்து நிம்பஸ் நிறுவனம் தருகிற ஆக்சஸ் கார்டு இந்த வழியில்தான் போகிறது. மருத்துவச் சான்றுகளை அவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, அட்டையில் குறியீடுகளை மட்டும் அச்சிடுகிறார்கள். நிற்பது கடினம் என்றால் ஒரு குறி, துணை வேண்டும் என்றால் ஒரு குறி. வாசலில் நிற்கும் பையனுக்கு அந்தக் குறி போதும். அட்டைக்காரருக்கு மூட்டுவாதமா, குடல் நோயா, மன நோயா என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. யோசித்தவர் யாரோ, கவுண்டரின் வெளிப்பக்கத்தில் நின்ற அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டிஸ்னிக்காரர்கள் இதற்கு நேர் எதிரே போய்க்கொண்டிருக்கிறார்கள். நீ படித்திருப்பாய், இருந்தாலும் நான் படித்த வரிசையில் சொல்கிறேன். முன்பு அவர்களிடம் ஒரு காகித அட்டை இருந்தது. அதைக் காட்டினால் பெரும்பாலும் தனி வாசல் வழியாக உடனே ஏறிவிடலாம். 2013 மே மாதம், வசதியுள்ள குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளை மணிக்கூலிக்கு அமர்த்தி, அவர்கள் தயவில் வரிசையைத் தாண்டுவதாக நியூயார்க் பத்திரிகையில் செய்தி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த அட்டை போய் டிஏஎஸ் என்ற புதிய முறை வந்தது. இதில் உடனே ஏற முடியாது. வரிசை 50 நிமிடம் என்றால் உனக்கு ஒரு நேரம் குறித்துத் தருவார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம். வரிசையில் நிற்காமல் வரிசை நேரத்தைக் கழிப்பது. இது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. பிறகு அது செயலிக்கு மாறியது, 2021இல் வீட்டிலிருந்தே காணொளி அழைப்பில் பதிவு செய்யும் வசதியும் வந்தது.

2024இல்தான் கதவைச் சுருக்கினார்கள். மே மாதம் புளோரிடாவில், ஜூனில் கலிபோர்னியாவில். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடோ அதை ஒத்த பாதிப்போ இருந்து, அதனால் நெடுநேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று எழுதிவிட்டார்கள். அம்மாவைப் போன்றவர்களுக்கு இடமில்லை. சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். அம்மாவுக்கு நடக்க முடியும், நிற்கத்தான் முடியாது. இந்த வித்தியாசம் உடம்பில் வலி இல்லாதவர்களுக்குப் புரிவதே இல்லை. விண்ணப்பிக்கிறவர் காணொளியில் நேரில் இருந்தாக வேண்டும். அதாவது பெற்றவர்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இவனால் இது முடியாது, அது முடியாது என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் பட்டியல் போட வேண்டும். பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரமாக உள்ளே விடமாட்டோம், பணமும் திரும்ப வராது என்ற எச்சரிக்கை வேறு. கண்ணாடி ஓட்டைக்குப் பதிலாகக் கேமரா வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவர்கள் பக்கத்திலும் கணக்கு இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் பேசினால் உன் மேலாளர் சிரிப்பார். ஒரு சவாரி மணிக்கு 1,200 பேரை ஏற்றுகிறது என்று வை. பொது வரிசையில் 600 பேர் நின்றால் அரை மணியில் கடைசி ஆள் ஏறிவிடுவான். மணிக்கு 400 பேர் பக்கத்து வாசல் வழியாக நுழைந்தால் பொது வரிசைக்கு மிஞ்சுவது 800 இடம். அதே 600 பேருக்கு இப்போது முக்கால் மணி ஆகும். தன் வரிசை ஏன் நகரவில்லை என்று நிற்கிறவனுக்குத் தெரியாது. பக்கத்து வாசலில் போகிறவர்களை மட்டும் பார்ப்பான், பார்த்து முணுமுணுப்பான். சிறப்பு ஒதுக்கீட்டை உருப்படியாக நடத்த வேண்டுமானால் அந்தப் பக்கத்து வாசலில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதில் கண் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வாசலில் போகிறவர்கள் யார் என்று பார். டிஸ்னியில் 1999இல் தொடங்கி 2020 வரை பாஸ்ட்பாஸ் என்ற நேரச் சீட்டு எல்லாருக்கும் இலவசம். 2021 அக்டோபரில் புளோரிடாவில் அதே வாசலை ஜீனி பிளஸ் என்ற பெயரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று விற்க ஆரம்பித்தார்கள். டிஏஎஸ் வைத்திருப்பவரும் அதே வாசல் வழியாகத்தான் போகிறார். நேற்று வரை சும்மா கிடைத்ததற்கு இன்று விலைச்சீட்டு ஒட்டினால், காசு கொடுக்க மனமில்லாதவன் பொய் சொல்லத் துணிகிறான். விலையை ஒட்டியது யார்? பொய்யனைக் கண்டு கோபப்படுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் பூங்காவும் விரைவுச் சீட்டு விற்கிறது என்றால், அந்தக் கணக்கையும் உன் மேலாளர் மேஜையில் வை.

நாம் உங்கள் ஊர் ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போயிருந்தபோது அம்மாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம், நீ மட்டும் வரிசைக்குப் போனாய். எதிர் பெஞ்சில் ஒரு சிறுவன், கழுத்தில் சூரியகாந்திப் பூப் போட்ட பச்சைப் பட்டை. கண்ணுக்குத் தெரியாத குறைபாடு இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது, 2016இல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது என்று நீதான் சொன்னாய். அவன் தாயின் கைபேசியில் நிமிடங்கள் குறைந்துகொண்டிருந்தன. அவன் பத்து விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து எண்ணைச் சொன்னான், அவள் ஒவ்வொரு முறையும் "ஆமாம்" என்றாள். காத்திருப்பது அவனுக்குக் கண்ணால் பார்க்கிற பொருளாகிவிட்டது. காகித அட்டையில் அது நடக்காது. திடீரென்று கைபேசி அணைந்துவிட்டது, பேட்டரி தீர்ந்திருக்கும். அவன் காதைப் பொத்திக்கொண்டு போட்ட கூச்சலும், யாரோ ஒரு பெண் ஓடிவந்து சார்ஜர் கொடுத்ததும் நீ பார்க்காதவை. செயலி எழுதும்போது கைபேசி இல்லாத, அணைந்துபோன, தொலைந்துபோன ஆளுக்கு ஒரு வழி வை. ஒரு துண்டுச் சீட்டு போதும்.

காத்திருக்கவே முடியாத பிள்ளைகளும் உண்டு. வரிசையில் நின்றாலும் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். கண்ணெதிரே ராட்டினம் சுற்றும்போது பிறகு வா என்றால் அவர்களுக்கு விளங்காது. இப்படிப்பட்ட குடும்பங்கள் டிஸ்னி மேல் தொடுத்த வழக்கில், விசாரிக்காமல் தள்ளக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் சொன்னது. விசாரித்த நீதிமன்றம் 2020இல் டிஸ்னி பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் அங்கே நின்றுவிட்டது. உன் செயலியும் அங்கேயே நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தக் குழந்தைகளுக்கு நாளின் முதல் சவாரியையாவது காத்திருக்காமல் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்.

இனி நீ கேட்டதற்கு நேர் பதில். காகிதத்தின் சுத்தம் சந்தேகத்தைக் கிளப்பும், பிடித்துக் கொடுத்தது வேறு. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவான், ஒவ்வொரு முறையும் படிவத்தில் வேறு பெயர், எல்லாப் படிவத்திலும் ஒரே மருத்துவர், ஒரே பேனா. என் ஞாபகத்தில் இருந்தது உன் கணினியில் இருக்கும். ஒரே எண்ணிலிருந்து எத்தனை பேர் பதிவாகிறார்கள், ஒரே அட்டையோடு நாளுக்கு நாள் வேறு வேறு கும்பல் வருகிறதா என்று அது சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். புரோக்கர் அதில் சிக்குவான். தாயிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

மற்றவை சில்லறை. ஏழாவதில் உடன் வருவோர் நான்கு பேர் என்று நிறுத்தியிருக்கிறாய். ஐந்தாவது ஆள் கைக்குழந்தையாக இருந்தால் என்ன செய்வது என்று எழுது. பதினான்காவதில் இருக்கும் எச்சரிக்கை கடைசியிலேயே இருக்கட்டும், சிவப்பு எழுத்து வேண்டாம். ஐந்தாவது, பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகைக் கடிதத்தைக் கேட்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் அது எப்படி இருக்கும்?

அம்மாவுக்கும் இதே சந்தேகம். அடுத்த முறை வரும்போது பெஞ்சில் உட்கார மாட்டாளாம். இங்கே மூட்டு மருத்துவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருகிறார். அவரிடம் ஆங்கிலத்தில் என்ன எழுதி வாங்க வேண்டும் என்று அதற்குள் தெரிவி.

அன்புடன்,
அப்பா