ரசீது கேட்டால் கோபம் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு அடிக்கிறவன் நான். சொந்தமாக ஒரு குட்டியானை வைத்திருக்கிறேன். சொந்தம் என்று வாய்தான் சொல்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயரும் ஏறியிருக்கிறது, மாதம் 11,400 ரூபாய் டியூ. 26 டியூ தேதி தவறாமல் கட்டினேன். கை முறிந்து வீட்டில் உட்கார்ந்ததில் இரண்டு டியூ நின்றுபோனது. நின்றது என் தப்புதான், அதற்கு நான் சாக்கு சொல்லவில்லை.

ஆனால் வசூலுக்கு வந்த ஆள் இருக்கிறாரே, ராத்திரி ஒன்பதரைக்கு வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே ஹாரன் அடிப்பார். நான் வெளியே வந்தாலும் என்னிடம் பேச மாட்டார், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி போனில் யாரிடமோ சொல்வார்: "ஆள் வீட்லதான் சார் இருக்கான், தின்னுட்டுத் தெம்பாத்தான் இருக்கான்." எதிர்வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கொள்வார், அது அவர் எனக்குச் செய்த மரியாதை. அப்புறம் லோன் பேப்பரில் ரெஃபரன்ஸ் என்று எழுதிக்கொடுத்த மண்டி முதலாளிக்குப் போன், என் மச்சானுக்குப் போன்.

அந்த ஆளிடமே ஒருநாள் 5,000 ரூபாய் கையில் கொடுத்து ரசீது கேட்டேன். "மெசேஜ் வரும்ணே, என்ன நம்பிக்கை இல்லையா" என்று கோபப்பட்டார். நாலு நாள் கழித்து மெசேஜ் வந்தது. டியூவில் ஒரு பைசா கழியவில்லை, மொத்தமும் டியூ தவறியதற்குப் பவுன்ஸ் சார்ஜ், ஆள் வந்து போனதற்கு விசிட் சார்ஜ் என்று போயிருந்தது.

கை சரியாகி மூன்றாவது லோடு. 40 பெட்டி தக்காளியோடு பழனி ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். இரண்டு பைக்கில் நாலு பேர், சாவியைப் பிடுங்கி வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். அடையாள அட்டை கேட்டதற்கு ஒருவன் சட்டையை மடக்கிவிட்டுக் காட்டினான். வண்டி யார்டில் நின்ற மூன்று நாளில் தக்காளி தண்ணியாக ஒழுகிவிட்டது, "சரக்குக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார்கள். இரண்டு டியூவோடு சீசிங் சார்ஜ் 6,000, யார்டு வாடகை தனி, எல்லாம் கட்டித்தான் மீட்டேன். சீசிங் சார்ஜுக்கும் ரசீது இல்லை. தக்காளிக்காரருக்கு இன்னும் பாதிப் பணம் நான் தர வேண்டும்.

இதற்கெல்லாம் விதியே இல்லை என்று நினைத்திருந்தேன். மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவள்தான் எடுத்துக் காட்டினாள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டுப் போன் செய்யக் கூடாது, குடும்பத்தாரையும் ரெஃபரன்ஸ் கொடுத்தவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வண்டியை எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எப்படி எடுப்பது, ஏலத்துக்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டுமாம். குண்டர்களை வைத்து வண்டி பிடுங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. அதற்கப்புறமும் 2022-ல் ஜார்க்கண்டில் டிராக்டரை எடுக்க வந்தவர்கள் அதே டிராக்டரை ஏற்றிக் கர்ப்பிணிப் பெண்ணைக் கொன்றார்கள், அந்தக் கம்பெனி வெளி ஆள் வைத்து வசூலிக்க ரிசர்வ் வங்கி சில மாதம் தடை போட்டது. ஓர் உயிர் போன பிறகு.

வண்டி போன அன்றே ஸ்டேஷனுக்கும் போனேன். "கடன் வாங்கினா கட்டணும்ல, இது ஃபைனான்ஸ் மேட்டர், பேசி முடிச்சுக்கங்க" என்றார்கள். சரி, கடன் ஃபைனான்ஸ் மேட்டர்தான். நடுரோட்டில் நாலு பேர் சாவியைப் பிடுங்குவதும், அடுத்தவர் தக்காளியைக் கொண்டுபோவதும் எந்த மேட்டர்? குறைந்தபட்சம் அந்த நாலு பேரைக் கூப்பிட்டு, கம்பெனி கொடுத்த கடிதம் எங்கே, நோட்டீஸ் நகல் எங்கே, அட்டை எங்கே என்று மூன்று கேள்வி கேட்டிருக்கலாம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் எல்லா ஸ்டேஷனுக்கும் இதை உத்தரவாகவே போட வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். என்னை மாதிரி லோடு வண்டிக்காரர்களுக்கு ஒன்று: பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், கொடுத்தால் ரசீது கைக்கு வராமல் விடாதீர்கள், ராத்திரி வருகிற போனையெல்லாம் ரெக்கார்டு போட்டு வையுங்கள்.

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதிப் போட்டு 19 நாள் ஆகிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்கு, அதாவது புகார் விசாரிக்கிற அதிகாரிக்குப் போகலாம், செலவில்லை, 14448-க்கு அடித்தால் வழி சொல்கிறார்கள். பதினோரு நாள் பாக்கி. அந்த 6,000 ரூபாய்க்கு ரசீது அனுப்பச் சொல்லியும் அதில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
லோடு வண்டி ஓட்டுநர்,
ஒட்டன்சத்திரம்