மன்றத் தீர்மானங்களை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வடார்க்காட்டில் இருக்கும் பேரூராட்சி ஒன்றில் குடியிருக்கிறேன். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. யாரையும் மாட்டிவிடும் எண்ணம் எனக்குக் கிடையாது. எந்தப் பேரூராட்சியும் நாளைக் காலையே செய்துவிடக்கூடிய ஒரு காரியத்தைத்தான் கேட்கப் போகிறேன். பேரூராட்சி மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலை, அதாவது அன்று பேசி முடிவெடுக்கப் போகும் விஷயங்களின் பட்டியலை, கூட்டத்திற்கு முன்பும், நிறைவேறிய தீர்மானங்களைக் கூட்டத்திற்குப் பிறகும், மக்கள் கண்ணில் படும் இடங்களில் ஒட்ட வேண்டும். ஏன் கேட்கிறேன் என்பதற்கு எங்கள் தெருத் தண்ணீரையே சாட்சியாகச் சொல்கிறேன்.

எங்கள் தெரு குடிநீர்க் குழாயின் கடைக்கோடியில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டி இரவெல்லாம் ஏறி நிரம்பும். விடியற்காலையில் ஆபரேட்டர் வால்வு வால்வாகத் திருப்பிக்கொண்டு வருவார். ஒரு பகுதிக்கு விட்டு அடைத்த பிறகுதான் அடுத்த பகுதிக்குத் தண்ணீர் போகும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் மேட்டுத் தெருவுக்கு ஒரு குடம்கூட ஏறாது. அந்த வரிசையில் எங்கள் முறை காலை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது தோதான நேரம். ஆம்பூர் பக்கமும் ராணிப்பேட்டை பக்கமும் இருக்கும் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் எங்கள் பகுதியில் ஏராளம். கம்பெனி பஸ் ஏழு மணிக்குக் கூட்டுரோட்டுக்கு வந்துவிடும். ஆறு மணித் தண்ணீரைப் பிடித்து, அண்டாவையும் குடங்களையும் நிரப்பி வைத்துவிட்டு ஓடினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ஒருநாள் தண்ணீர் பத்தரை மணிக்கு வந்தது. மறுமுறையும் பத்தரை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த அறிவிப்பும் கிடையாது. பத்தரை மணிக்கு எங்கள் தெருவில் யார் இருப்பார்கள்? என்னைப் போன்ற கிழவிகளும், கைக்குழந்தைக்காரிகளும்தான். இடுப்பில் குடம் தூக்க முடியாதவர்கள் வீட்டில் பாத்திரம் காலியாகவே கிடந்தது. ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் பெண் தண்ணீர் வரும் நாளில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டாள். எத்தனையோ வருடம் பிள்ளைகளின் வருகையைப் பார்த்துத்தான் அரிசி அளந்தவள் நான். ஒரு பெண் குழந்தை வாரத்தில் எந்தெந்த நாள் வரவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே காரணம் வால்வு. வசதி உள்ள வீட்டுக்காரர்கள் குழாயிலேயே மின்மோட்டாரை மாட்டி உறிஞ்ச ஆரம்பித்தார்கள். அதனால் கடைசி வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சமும் நின்றது. தெருவில் நின்று எல்லாருடைய ஏச்சையும் கேட்டவர் ஆபரேட்டர். மழையிலும் இருட்டிலும் குழிக்குள் இறங்கி வால்வு திருப்புகிற மனிதர் அவர். நேரத்தை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

அலுவலகத்தில் கேட்டால் தெளிவான பதில் வரவில்லை. மன்றத் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள் என்றார்கள். அப்படியே எழுதினேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி மனுவைக் கொடுத்தேன். சட்டம் சொல்கிற முப்பது நாளுக்குள் பதிலும் வந்தது. அதற்காக அந்தப் பொதுத் தகவல் அலுவலருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அந்த நகல்களைப் படித்தபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் இரண்டு மோட்டார்களில் ஒன்று எரிந்துபோயிருந்தது. ஒற்றை மோட்டாரில் தொட்டி நிரம்பத் தாமதமானதால், கடைசிப் பகுதியின் முறை தானாகவே பின்னுக்குப் போயிருக்கிறது. அதைத் தற்காலிக ஏற்பாடு என்றே அலுவலகக் குறிப்பில் எழுதி, மன்றத்தின் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். ‘பதிவு செய்யப்பட்டது’ என்று முடித்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த கூட்டத்தில் மோட்டார் பழுது நீக்கிய செலவுக்கு அனுமதி கேட்டு ஒரு பொருள். ‘மன்றம் அனுமதிக்கிறது.’ மோட்டார் சரியாகிவிட்டது. பணமும் கொடுத்தாகிவிட்டது. தண்ணீர் நேரத்தைப் பழையபடி மாற்ற வேண்டும் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய எங்களுக்கு, மோட்டார் எரிந்ததும் தெரியாது, சரியானதும் தெரியாது.

இதில் ஊழல் எதுவும் இல்லை. கெட்ட எண்ணமும் இல்லை. எல்லாரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள், எல்லாம் முறைப்படி எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது அலமாரிக்குள் இருந்ததால் மாதக்கணக்கில் ஒரு தெருவே அவதிப்பட்டது. அந்த இரண்டு தாள்களும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், மோட்டார் பில் பாஸான மறுநாளே எங்கள் பெண்கள் போய் நின்றிருப்பார்கள். நகல்களை எடுத்துக்கொண்டு எங்கள் வார்டு உறுப்பினரிடம் போனேன். அவரும் ஒரு பெண். விஷயத்தைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் பேசினார். இப்போது தண்ணீர் மறுபடியும் காலையில் வருகிறது. அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணும் பள்ளிக்கூடம் போகிறாள்.

பேரூராட்சிக் கூட்டம் என்றால் கூச்சல், வெளிநடப்பு, வாக்குவாதம் என்றுதான் செய்தி வருகிறது. ஊரின் வாழ்க்கையை நடத்துவது அந்தப் பரபரப்பு இல்லாத சாதாரணப் பொருள்கள். பிளீச்சிங் பவுடர் வாங்கியது, குப்பை அள்ளும் பேட்டரி வண்டிக்குப் பழுது பார்த்தது, எரியாத தெருவிளக்குக்குச் சாமான் வாங்கியது, மழைக்கு முன் கால்வாய் தூர் வாரியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் எண், ஒரு குறிப்பு, ஒரு வரித் தீர்மானம். கால்வாய் தூர் வாரியதாகத் தீர்மானத்தில் இருக்கும் தெருவில் குடியிருப்பவருக்கு, அது வாரப்பட்டதா இல்லையா என்று எந்தப் பொறியாளரையும்விட நன்றாகத் தெரியும். அவர் அந்தத் தீர்மானத்தைப் படிக்க வழி வேண்டாமா?

வாரச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கடை போடுகிறவர்களிடம் அடிக்காசு என்ற கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை குத்தகை. கூடைக்கு எவ்வளவு, தரைக்கடைக்கு எவ்வளவு என்று விகிதம் நிர்ணயித்துத்தான் ஏலம் போகிறது. ஆனால் கீரைக்கட்டு கொண்டுவந்து உட்காரும் பாட்டிக்கு அந்த விகிதம் தெரியாது. வசூலிப்பவர் கேட்பதைக் கொடுக்கிறாள். சந்தை வாசலில் ஒரு தகரப் பலகை வைத்தால் போதும்.

பக்கத்து ஊராட்சியில் என் தங்கை இருக்கிறாள். அங்கே குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கிராம சபை கூடுகிறது. இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என்ற நாட்களையும் சேர்த்திருக்கிறார்கள். வரவு செலவை வாசிக்கிறார்கள். அவள் எழுந்து நின்று கேள்வி கேட்கிறாள். ஊர் எல்லையைத் தாண்டி எங்கள் பேரூராட்சிக்குள் வந்தால், சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் கட்டுகிற எனக்கு அந்த உரிமை கைக்கு எட்டுவதில்லை. நகரங்களுக்கும் பகுதி சபைகள் வேண்டும் என்று 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் பல ஊர்களில் கூட்டம் நடந்தது. நல்ல தொடக்கம். ஆனால் எங்கள் வார்டில் எப்போது கூடுகிறது என்று கேட்டால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. சபை நடப்பதும், அந்தப் பகுதியைத் தொட்ட தீர்மானங்களை அங்கே உரக்க வாசிப்பதும் கட்டாயமாக வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சுவரில் ஒட்டினால் மட்டும் அவர்களுக்குப் போய்ச் சேராது.

மன்றமே இல்லாத காலத்தையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2021 நவம்பரில் பாலாற்றில் கரை கொள்ளாமல் வெள்ளம் போனபோது, வார்டுக்கு என்று போய்க் கதவைத் தட்ட ஒரு உறுப்பினர் இந்தப் பகுதிப் பேரூராட்சிகளில் எங்கும் இல்லை. அந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறவள் என்பதால்தான் இந்த மன்றத்தின் மேல் எனக்கு அக்கறை. உறுப்பினர் பதவிகளில் பாதி இப்போது பெண்களுக்கு. எங்கள் மன்றத்தில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் பலர். பொருள் பட்டியல் முன்கூட்டியே தெருவுக்குத் தெரிந்தால் அவர்களுக்குத்தான் பலம். அந்தந்தத் தெருப் பெண்கள் வந்து, ‘அந்தப் பொருள் வரும்போது இதைக் கேளுங்கள்’ என்று சொல்லி அனுப்புவார்கள். எங்கள் உறுப்பினர் அன்று கூட்டத்தில் துணிவாகப் பேசியதற்குக் கையில் இருந்த நகல்தான் காரணம்.

ஒட்டுவதில் சிக்கல் இருப்பதாகவும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒட்டினால் வீண் பிரச்சினை கிளம்பும், வேலை நடக்காது என்று ஒரு அலுவலர் என்னிடமே சொன்னார். எனக்கு அது ஏற்பில்லை. காரணம் தெரியாத தெருவில்தான் சாலை மறியல் நடக்கிறது. மோட்டார் எரிந்துவிட்டது, பழுது பார்க்க இத்தனை நாள் ஆகும், அதுவரை நேரம் மாறும் என்று சொன்னால் எங்கள் பெண்கள் பொறுத்துக்கொள்வார்கள். காவிரி கூட்டுக் குடிநீர் வருவது குறைந்தால் அது குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில் இருக்கிறது, பேரூராட்சியின் கையில் இல்லை என்பதையும் புரிந்துகொள்வார்கள். யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியாததால்தான் ஆபரேட்டரைக் கேட்கிறார்கள்.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, யாரும் மனுப் போடாமலேயே அலுவலகங்கள் தாமாகத் தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. பேரூராட்சிகளுக்கு 1920-ஆம் ஆண்டின் பழைய நகராட்சிச் சட்டம் போய், 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் புதிது, விதிகள் புதிது. அறிவிப்புப் பலகையில் மட்டும் எங்கள் ஊரில் வரி கட்டச் சொல்லும் நோட்டீஸும் ஏல நோட்டீஸும்தான் தொங்குகின்றன. அந்தப் பலகையும் அலுவலகத்துக்கு உள்ளே, பில் கலெக்டர் மேசைக்குப் பின்னால் இருக்கிறது.

மாவட்ட ஆட்சியரும் பேரூராட்சிகளின் உதவி இயக்குநரும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இது நடக்கும். அலுவலகத்தின் வெளிச் சுவர், ரேஷன் கடைகள், அங்கன்வாடிகள், ஷூ கம்பெனி பஸ் நிற்கும் கூட்டுரோடு, இவ்வளவு இடம் போதும். தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் மேல் எந்தப் பகுதிக்கு எந்த நேரம் தண்ணீர் என்று எழுதி, மாற்றினால் தேதியோடு மாற்றி எழுத வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்ல வேண்டாம். எங்கள் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுவினரிடம் பேசிவிட்டேன். நகலைக் கொடுத்தால் மாதந்தோறும் ஒட்டும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
வடார்க்காடு